அயலான் என்றால் அடுத்த வீட்டுக்காரன்

(உத்திரமேரூரில் மாணவர்களும் இயக்கத் தோழர்களும் கூடிய வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடை முடிந்தவரை அப்படியே விடப்பட்டுள்ளது.)



சூப்பர்மேன் படக்கதையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நம்ம தோழர் ஒருத்தர் கேட்டார்: "ஏன் தோழர், பஞ்சமி நிலப் பிரச்சினை அப்படியே கெடக்குது, வன்கொடுமை வழக்கெல்லாம் கோர்ட்டுல தூங்குது, அதையெல்லாம் விட்டுட்டு பேண்டுக்கு மேல ஜட்டி போட்டவனப் பத்தித்தான் பேசணுமா?" நியாயமான கேள்விதான். நான் பேசி முடிக்கிறதுக்குள்ள பதில் கிடைக்கலைன்னா அவர் என்னை டீக்கடையில் உட்கார வைத்து விசாரிக்கலாம்.

முதலில் ஒரு சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்தில் 'ஏலியன்' என்று ஒரு சொல் இருக்கிறது. வேற்றுக் கிரகத்திலிருந்து வருகிற, பச்சைத் தோலும் பெரிய கண்ணுமாய் சினிமாவில் காட்டுகிறார்களே, அந்தப் பிராணிக்கு அதுதான் பெயர். வேற்று நாட்டிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வருகிற மனிதனுக்கும் சட்டப் புத்தகத்தில் அதே பெயர்தான். அந்த மொழி இரண்டையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டது. நம்ம தமிழில் 2024 பொங்கலுக்கு ஒரு படம் வந்தது, 'அயலான்' என்று. வேற்றுக் கிரகத்திலிருந்து வந்த ஒரு உயிரோடு நம்ம கிராமத்துப் பையன் ஒருவன் கூட நிற்கிற கதை. படம் எப்படி என்பது வேறு விஷயம். அந்தத் தலைப்பைக் கவனியுங்கள். அயல்நாடு என்றால் வெளிநாடு. ஆனால் அயல்வீடு என்றால் பக்கத்து வீடு. ஈழத்துத் தமிழர்கள் அக்கம்பக்கத்தை 'அயலட்டை' என்று சொல்வார்கள். அதாவது நம் மொழியில் அந்நியனும் அடுத்த வீட்டுக்காரனும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கிறார்கள். வந்தவனை எந்த அர்த்தத்தில் கூப்பிடப் போகிறோம் என்பதுதான் கேள்வி. இன்று நான் பேசப் போவதெல்லாம் இந்த ஒரு கேள்விதான்.

படக்கதைகள் நமக்குப் புதிதல்ல. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. இரும்புக்கை மாயாவிதான் முதல் இதழ். 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. ராணி காமிக்ஸ் 2005 வரைக்கும் வந்தது. அதில் வந்த முகமூடி வீரர் மாயாவியை ஞாபகம் இருக்கிறவர்கள் இங்கே இருப்பீர்கள். பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கி, அட்டை கிழிந்து, கடைசிப் பக்கம் காணாமல் போன மாயாவியைப் படித்துத்தான் எங்கள் தெருவில் பாதிப் பேர் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டோம்.

அந்த மாயாவி யார்? காட்டுவாசிகளைக் காப்பாற்றுகிற ஒரு வெள்ளைக்காரன். அமெரிக்காவில் லீ ஃபாக் என்பவர் 1936இல் உருவாக்கிய பாத்திரம். காட்டில் இருக்கிற கருப்பு மக்களுக்குத் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தெரியாது. மண்டையோட்டுக் குகையிலிருந்து அவர் வந்தால்தான் உண்டு. அதைவிட முக்கியம், அவர் 21வது மாயாவி. அப்பா மாயாவி, தாத்தா மாயாவி, முப்பாட்டனும் மாயாவி. காப்பாற்றுகிற வேலைகூடப் பரம்பரை உரிமையாகப் போகிறது. பரம்பரைத் தொழில் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மேலே பிறந்தவன் காப்பாற்றுவான், கீழே பிறந்தவன் கும்பிடுவான். அந்தக் கதையை நாம் ரசித்துப் படித்தோம். ரசித்ததில் தப்பில்லை. ஆனால் அந்தக் கதைக்குள் நமக்கு என்ன இடம் கொடுத்திருந்தார்கள் என்று இன்று திருப்பி வாசிக்க வேண்டியிருக்கிறது.

சூப்பர்மேன் கதை வேறு மாதிரி. அவன் பரம்பரைக் காவல்காரன் இல்லை, அகதி. பிறந்த கிரகம் வெடித்துச் சிதறுகிறது. பெற்றவர்கள் குழந்தையை ஒரு கலத்தில் வைத்து அனுப்பிவிட்டுச் செத்துப் போகிறார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு மண்ணில் அது வந்து விழுகிறது. இதை எழுதிய ஜெர்ரி சீகலும் வரைந்த ஜோ ஷஸ்டரும் ஐரோப்பாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கதை அச்சாகி வந்தது 1938இல்.

1938 என்ன வருஷம்? அந்த ஜூலை மாதம் பிரான்சில் எவியான் என்கிற ஊரில் 32 நாடுகள் கூடின. ஹிட்லரிடமிருந்து தப்பி ஓடி வருகிற யூதர்களை யார் ஏற்றுக்கொள்வது என்று பேசுவதற்காக. எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். டொமினிக்கன் குடியரசைத் தவிர வேறு யாரும் கதவைப் பெரிதாகத் திறக்கவில்லை. அடுத்த வருஷம் மே மாதம், செயின்ட் லூயிஸ் என்கிற கப்பலில் 937 பேர் ஹாம்பர்க் துறைமுகத்திலிருந்து கியூபாவுக்குப் போனார்கள். கியூபா இறங்க விடவில்லை. அமெரிக்காவும் இறங்க விடவில்லை. கரையில் எரிகிற விளக்குகளைப் பார்த்துவிட்டுக் கப்பல் ஐரோப்பாவுக்கே திரும்பியது. அதில் வந்தவர்களில் 254 பேர் பின்னால் நாஜிகளின் கையில் செத்தார்கள்.

ஒரு பக்கம் ஒரு அகதிக் குழந்தையின் கதையைப் பத்து சென்ட் கொடுத்து லட்சக்கணக்கில் வாங்கிப் படிக்கிறான். இன்னொரு பக்கம் நிஜ அகதிக் குழந்தைகள் இருக்கிற கப்பலைத் திருப்பி அனுப்புகிறான். இதை வெறும் இரட்டை வேஷம் என்று சொல்லிக் கடந்துவிடக் கூடாது. இதற்குள் ஒரு நிபந்தனை இருக்கிறது. கதையில் வந்த அகதி ரயிலைத் தூக்குவான், துப்பாக்கிக் குண்டு அவன் மேல் பாயாது. உனக்கு அந்தப் பலம் இருந்தால் வா, ஏற்றுக்கொள்கிறேன். அதுவும் நீ எங்கிருந்து வந்தாய் என்று வெளியே தெரியாமல், எங்களில் ஒருவன் மாதிரி இருந்தால் ஏற்றுக்கொள்கிறேன். பலம் இல்லாதவனுக்கு, முகத்தை மறைக்க முடியாதவனுக்கு இடமில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையின் முழு உரிமையையும் அந்த இரண்டு பேரும் 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். கம்பெனி கோடி கோடியாகச் சம்பாதித்தது. 1975இல் ஷஸ்டருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. சீகல் ஒரு அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அதற்கப்புறம் பத்திரிகைகளில் எழுதி, சண்டை போட்டுத்தான் வருஷத்துக்கு 20,000 டாலர் தொகையும், கதையில் தங்கள் பெயரும் கிடைத்தது. உலகத்தையே காப்பாற்றுகிறவனை உருவாக்கியவர்களுக்கு வயதான காலத்தில் ஒரு பாதுகாப்பும் இல்லை. உழைப்பு ஒருத்தனுடையது, பெயர் இன்னொருத்தனுடையது. நமக்குப் பழகிய கணக்குத்தான்.

சரி, இன்று நான் எடுத்துக்கொண்ட படக்கதைக்கு வருகிறேன். பெயர் 'சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான்'. 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் மூன்று பாகமாக வந்தது. எழுதியவர் ஜீன் லுவென் யாங், சீனக் குடியேறிகளின் மகன். வரைந்தவர்கள் குரிஹிரு என்ற பெயரில் இயங்கும் இரண்டு ஜப்பானியப் பெண்கள். இதற்கு மூலம் ஒரு வானொலித் தொடர். 1946இல் அமெரிக்க வானொலியில் சூப்பர்மேன் தொடரில் 16 பகுதிகளாக ஒரு கதை ஒலிபரப்பானது. கூ க்ளக்ஸ் க்ளான் என்கிற வெள்ளை வெறிக் கூட்டத்தைக் கொஞ்சம் பேர் மாற்றி வைத்து, சூப்பர்மேன் அவர்களை எதிர்ப்பதாகக் கதை. இரண்டாம் உலகப் போர் முடிந்த மறுவருஷம் அது. வெளிநாட்டு ஹிட்லரை ஒழித்தாகிவிட்டது, உள்ளூர் ஹிட்லர்களை என்ன செய்வது என்று அந்தத் தொடர் குழந்தைகளிடம் கேட்டது.

கதை இதுதான். லீ என்று ஒரு சீன டாக்டர். நகரத்தில் சீனர்கள் வாழ்கிற தெருவிலிருந்து, வெள்ளைக்காரர்கள் வாழ்கிற பகுதிக்குக் குடும்பத்தோடு வீடு மாறுகிறார். ஒரு மகன், ஒரு மகள். பையன் நன்றாகப் பந்து வீசுவான். அந்தப் பகுதிக் குழந்தைகள் அணியில் இடம் கிடைக்கிறது. இடம் பறிபோன வெள்ளைக்காரப் பையனின் சித்தப்பா அந்த வெறிக் கூட்டத்தின் தலைவன். ராத்திரியில் லீ வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறார்கள். 'இது உன் இடமில்லை, போய்விடு' என்பதற்கு அவர்கள் பாஷை அது.

இந்தப் பக்கத்தை வேறு யாருக்காவது விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கலாம். உங்களுக்கு வேண்டாம். 1968 டிசம்பர் 25 ராத்திரி வெண்மணியில் குடிசைக்குள் 44 பேர் எரிந்தார்கள். 2012 நவம்பர் 7ஆம் தேதி தர்மபுரி நாயக்கன்கொட்டாய்ப் பக்கம் நத்தம் காலனியும் அண்டை காலனிகளும் எரிந்தன. நெருப்பு எதற்கு வைக்கிறான், எப்போது வைக்கிறான் என்று நமக்குத் தெரியும். நீ கூலி கேட்கும்போது வைக்கிறான். நீ வீடு கட்டும்போது, உன் பிள்ளை படித்து அவன் பிள்ளைக்குச் சமமாக உட்காரும்போது வைக்கிறான்.

சூப்பர்மேன் லீ குடும்பத்தைக் காப்பாற்ற வருகிறான். ஆனால் அவனுக்குள்ளேயே ஒரு சிக்கல் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கதையில் அவன் பறப்பதில்லை. வேகமாக ஓடுகிறான், தாவுகிறான், மின்கம்பி மேல் ஓடுகிறான். பறக்கிற சக்தி இருக்கிறது, ஆனாலும் பறப்பதில்லை. ஏன் என்றால் பறந்தால் தான் மனிதன் இல்லை என்று தெரிந்துவிடும். சின்ன வயதிலிருந்தே தன் வித்தியாசத்தை அடக்கி அடக்கி வளர்ந்தவன். பச்சைத் தோலும் விகாரமான முகமுமாய் இரண்டு பேர் அவன் கண் முன்னால் தோன்றித் தோன்றி மறைகிறார்கள். பயந்துபோகிறான். அவர்கள் அவனைப் பெற்றவர்கள். தன் அப்பா அம்மாவையே பூதமாகப் பார்க்கும்படி இந்த உலகம் அவனைப் பழக்கியிருக்கிறது.

நான் இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். மறுநாள்தான் மேலே படித்தேன்.

அந்தச் சீனச் சிறுமிக்கும் இரண்டு பெயர். வெளியில் ராபர்ட்டா, சொந்தப் பெயர் லான்-ஷின். அவளுடைய அண்ணன் தன் இனத்தைத் தானே கிண்டலடித்து மற்ற பையன்களைச் சிரிக்க வைத்துக் கூட்டத்தில் சேர்ந்துகொள்கிறான். அவளுக்கு அது முடியவில்லை. சூப்பர்மேன் எதையோ மறைக்கிறான் என்று முதலில் கண்டுபிடிப்பவள் அவள்தான். கடைசியில் அவன் தன் மூலத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் முழுசாகப் பறக்க முடிகிறது. மறைத்து வைத்திருந்தவரைக்கும் அவனுடைய பலம் பாதிப் பலம்தான்.

இப்போது நம்ம கதைக்கு வருவோம். சூப்பர்மேன் சாதாரண நேரத்தில் கிளார்க் கென்ட் என்கிற பெயரில் ஒரு பத்திரிகை ஆபீசில் வேலை பார்க்கிறான். கண்ணாடி போட்டுக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, அதிராமல் பேசிக்கொண்டு இருப்பான். நானும் ஒரு கிளார்க்தான், வங்கியில். இப்போது அந்தப் பதவிக்கு வாடிக்கையாளர் சேவை உதவியாளர் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர் மாறினாலும் கவுண்டரும் கூட்டமும் அதேதான். இந்த வேலையில் இருக்கிற நம்மாட்கள் நிறையப் பேரை எனக்குத் தெரியும். மாற்றலாகி வேறு ஊருக்குப் போவார்கள். வாடகைக்கு வீடு தேடுவார்கள். வீட்டுக்காரர் நேராகச் சாதியைக் கேட்க மாட்டார். "சொந்த ஊர் எதுங்க?" "உத்திரமேரூர் பக்கம்." "பக்கம்னா எந்த ஊரு?" ஊர் பேரைச் சொன்னால், "ஊர்ல எந்தப் பக்கம்? கோயில் தெருவா, ஏரிக்கரையா?" கடைசியில், "கறிமீன் சமைப்பீங்களா?" விசா அதிகாரிகூட இவ்வளவு நுணுக்கமாகக் கேட்க மாட்டான்.

எனக்குத் தெரிந்த ஒருவர், நல்ல படிப்பாளி, வாடகை வீட்டின் முன்னறையில் பெரிய பிள்ளையார் படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தார். பூப் போட்டு, விளக்கேற்றி. அம்பேத்கர் படம் பீரோவுக்குள்ளே துணிக்கடியில் இருந்தது. கிளார்க் கென்ட் மாட்டிக்கொண்டது கண்ணாடி, இவர் மாட்டியது பிள்ளையார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். ராத்திரி பத்து மணிக்குக் கைக்குழந்தையோடு வீட்டைக் காலி பண்ணச் சொன்னால் எங்கே போவது என்று கேட்கிறவரிடம் புரட்சி பேச எனக்கு வாய் வராது. முகமூடியில் இரண்டு வகை இருக்கிறது தோழர்களே. அடிக்கப் போகிறவன் போடுகிற முகமூடி ஒன்று, அந்த வெள்ளைக் குல்லாய் மாதிரி. அடிக்குப் பயந்தவன் போடுகிற முகமூடி இன்னொன்று. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாது. இரண்டாவது முகமூடிக்குக் காரணம் முதலாவது முகமூடி.

இந்த முகமூடியைப் போட்டவர்களில் பாபாசாகேப்பும் ஒருவர். 1917இல் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போகிறார். தங்க இடமில்லை. இந்து விடுதியில் சேர்க்க மாட்டார்கள். ஒரு பார்சி விடுதியில், ஒரு பார்சிப் பெயரைப் போட்டுத் தங்குகிறார். வேறு யாருமே தங்காத பாழடைந்த விடுதி. பதினோராவது நாள் காலையில் கம்புகளோடு பத்துப் பன்னிரண்டு பார்சிகள் வந்து நிற்கிறார்கள். சாயங்காலத்துக்குள் காலி பண்ணச் சொல்கிறார்கள். இந்து நண்பர் ஒருவர், கிறித்துவ நண்பர் ஒருவர், இரண்டு பேர் வீட்டிலும் இடமில்லை. ஒரு பூங்காவில் போய் உட்கார்ந்து பம்பாய் ரயிலுக்காகக் காத்திருக்கிறார். இதையெல்லாம் அவரே பின்னால் எழுதினார். அந்த எழுத்துக்கு அவர் வைத்த பெயர், 'விசாவுக்காகக் காத்திருத்தல்'. சொந்த நாட்டில் தங்குவதற்கு விசா கேட்டு நிற்கிறவன், அதாவது சொந்த மண்ணிலேயே ஏலியன். 2011இல் இந்த அனுபவங்களைப் 'பீமாயணா' என்கிற படநூலாக நவயானா வெளியிட்டது. துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் என்கிற பர்தான் கோண்டுப் பழங்குடி ஓவியர்கள் அதை வரைந்தார்கள். மாணவர்கள் தேடிப் பிடித்துப் பார்க்க வேண்டிய புத்தகம்.

பரோடாவில் விரட்டப்பட்டவர் முப்பது வருஷம் கழித்து என்ன செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியம். 1947. நாடு இரண்டாக உடைந்து, மனித வரலாற்றிலேயே பெரிய இடப்பெயர்வுகளில் ஒன்று நடந்துகொண்டிருக்கிறது. பாகிஸ்தானில் மாட்டிக்கொண்ட தலித்துகளை வெளியேற விடவில்லை. மலம் அள்ள, தெருக்கூட்ட ஆள் வேண்டுமே! அத்தியாவசியப் பணி என்று காரணம் சொல்லி நிறுத்தி வைத்தார்கள். எல்லோரும் ஓடலாம், தோட்டி மட்டும் ஓடக் கூடாது. உயிர் தப்பி இந்தியப் பக்கம் வந்த தலித் அகதிகளுக்கோ நிவாரணம் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. அந்த டிசம்பரில் அம்பேத்கர் நேருவுக்குக் கடிதம் எழுதுகிறார். இவர்களை மீட்க ஏற்பாடு செய்யுங்கள், அகதிகளுக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பியுங்கள் என்று வற்புறுத்துகிறார்.

எந்த நிலையில் இதைச் செய்கிறார் என்று பாருங்கள். சட்ட அமைச்சர் வேலை ஒரு பக்கம், அரசியல் சட்ட வரைவுக் குழுத் தலைவர் பொறுப்பு ஒரு பக்கம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. கால்வலி தூங்க விடாது, சர்க்கரை வியாதியும் படுத்துகிறது. முதல் மனைவி ரமாபாய் 1935இலேயே இறந்துபோனார். பிறந்த குழந்தைகளில் ஒருவர் தவிர மற்றவர்கள் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தன் துக்கம் தனக்கு இருக்க, வீடில்லாமல் வருகிறவனுக்காக நிற்கிற நாயகன் வேண்டும் என்றால் கிரிப்டான் கிரகம் வரைக்கும் போக வேண்டியதில்லை.

அந்த வரைவுக் குழுவிலிருந்து வந்த அரசியல் சட்டத்தில் ஒரு சொல் இருக்கிறது. 15ஆவது பிரிவு 'குடிமகன்' என்று பேசுகிறது. 19உம் அப்படித்தான். ஆனால் 14ஆவது பிரிவும் 21ஆவது பிரிவும் அப்படிப் பேசவில்லை. சட்டத்தின் முன் சமத்துவம் 'எந்த நபருக்கும்' உண்டு, உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு 'எந்த நபருக்கும்' உண்டு. நபர். குடிமகனா இல்லையா என்று கேட்கவில்லை. எந்தத் தெரு என்று கேட்கவில்லை. அங்கி இல்லை, பறக்கிற சக்தி இல்லை, ஒரே ஒரு சொல்.

அந்தச் சொல் வேலை செய்ததா என்றால், செய்தது. சக்மாக்கள் என்று ஒரு பழங்குடி மக்கள். கிழக்கு பாகிஸ்தானில் கப்தாய் அணை கட்டியதில் நிலம் மூழ்கி, 1964இல் ஓடி வந்தவர்கள். அருணாசலப் பிரதேசத்தில் குடியேற்றினார்கள். தொண்ணூறுகளில் அவர்களை வெளியேறச் சொல்லிக் கெடு வைத்தார்கள். கெடு வைத்தது யார் தெரியுமா? அந்த மாநிலத்து மாணவர் சங்கம். மாணவ நண்பர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். அந்த மாணவர்களும் பழங்குடிகள்தான், தங்கள் நிலம் போய்விடும் என்கிற பயம் அவர்களுக்கும் நிஜம்தான். ஒடுக்கப்பட்டவனும் இன்னொருத்தனுக்குக் கெடு வைக்க முடியும் என்பதற்காகச் சொல்கிறேன். 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. குடிமகனோ இல்லையோ, ஒவ்வொரு மனிதனின் உயிரையும் காப்பது அரசின் கடமை. 65,000 சக்மாக்களைக் கும்பல் மிரட்டி விரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்றது. அந்தத் தீர்ப்பு நின்றது 21ஆவது பிரிவின் மேல்தான்.

இப்போது நம்ம அயலட்டைக்கு வருவோம். 1983 ஜூலைக்குப் பிறகு ஈழத்திலிருந்து படகில் வந்தவர்கள் மொத்தம் 3 லட்சத்துக்கும் மேல். பலர் திரும்பினார்கள், பலர் வேறு நாடு போனார்கள். 2021இல் தமிழக அரசு சொன்ன கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் 58,000க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். முகாமுக்கு வெளியே சுமார் 34,000 பேர். மண்டபம், கும்மிடிப்பூண்டி, புழல் என்று பேர் சொல்லலாம். முகாமில் கொடுத்தது பத்துக்குப் பத்து அறை. வருகைக் கணக்கெடுப்பு, கியூ பிரிவு போலீஸ் கண்காணிப்பு. பட்டம் படித்தவரும் பெயின்ட் அடிக்கப் போகிறார். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, இங்கேயே கல்யாணம் செய்தவர்களுக்கும் குடியுரிமை இல்லை. அகதிகள் பற்றிய 1951 ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளைச் சொன்னது, இலங்கையைச் சொல்லவில்லை.

இதில் நாம் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. முகாம்களில் கணிசமானவர்கள் மலையகத் தமிழர்கள். வெள்ளைக்காரன் காலத்தில் பஞ்சம் பிழைக்க இங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள். போனவர்களில் பெரும்பகுதி யார்? பறையர், பள்ளர், சக்கிலியர். நிலமில்லாத நம்ம சனம். 1948இல் இலங்கை அவர்கள் குடியுரிமையைப் பறித்தது. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, 5,25,000 பேர் உனக்கு, 3,00,000 பேர் எனக்கு என்று ஆடுமாடு பிரிக்கிற மாதிரி பிரித்தார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணக்கில் விட்டுப்போனவர்களும், காகிதம் கையில் வராதவர்களும், கலவரத்தில் அடிபட்டு மறுபடி கடல் தாண்டி வந்தார்கள். தாத்தா ஊருக்கு வந்தவனுக்கு இங்கே பெயர் அயல்நாட்டவர். 2019இல் மதுரை உயர் நீதிமன்றக் கிளை இப்படிப்பட்ட 65 பேர் வழக்கில், இவர்கள் வம்சாவளியில் நம்மவர்கள் என்பதைக் கணக்கில் எடுத்துக் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்றது. அகதிப் பிரச்சினை ஈழப் பிரச்சினை மட்டும்தான், சாதிப் பிரச்சினை இல்லை என்று சொல்கிறவர்கள் இந்த மக்களைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

2021 ஆகஸ்டில் அகதிகள் முகாம் என்கிற பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றினார்கள். புது வீடுகளும் கட்டத் தொடங்கினார்கள். 2025 ஏப்ரலில் 'காலனி' என்கிற சொல்லை அரசுப் பதிவேடுகளிலிருந்து நீக்குவதாக அறிவித்தார்கள். இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் கவுண்டரில் உட்கார்ந்து விண்ணப்பம் வாங்குகிறவனுக்கு ஒன்று தெரியும். 'நிரந்தர முகவரி' என்கிற கட்டத்தில் பேனா நின்றுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். முகாம் அட்டையோடு வருகிறவர் அங்கே நிற்கிறார். பட்டா இல்லாத புறம்போக்கில் மூன்று தலைமுறையாக இருக்கிற நம்ம அம்மாவும் அங்கேதான் நிற்கிறார்.

நாம் உட்கார்ந்திருக்கிற இந்த உத்திரமேரூரின் பெருமை என்ன? குடவோலை. வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து, 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டு. மக்களாட்சியின் தொட்டில் என்று பிரதமர் வரைக்கும் பேசுகிறார்கள். அந்தக் கல்வெட்டின் தகுதிப் பட்டியலைப் படியுங்கள். கால் வேலி வரி கட்டுகிற நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். பார்ப்பனர் சபை அது. நிலமும் மனையும் இல்லாதவன் பெயர் குடத்துக்குள் விழாது. ஆயிரம் வருஷம் கழித்து 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் அறிக்கை எழுதும்போதும், பறையர்களுக்குக் குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லை, மிராசுதார் நினைத்தால் கிளப்பிவிடலாம் என்பதைப் பதிவு செய்கிறார். பஞ்சமி நிலம் அந்த அறிக்கைக்குப் பின்னால் வந்தது. அந்த நிலத்தைக் கேட்டுத்தான் 1994 அக்டோபரில் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். ஆக, மனை இல்லாதவன், காகிதம் இல்லாதவன், எந்த நேரமும் கிளப்பிவிடப்படக் கூடியவன். அகதிக்குச் சட்டம் சொல்கிற இலக்கணமும் சேரிக்கு மிராசு சொன்ன இலக்கணமும் இவ்வளவு கிட்டத்தில் இருக்கின்றன. பஞ்சமி நிலத்தை விட்டுட்டு எதுக்கு சூப்பர்மேன்னு கேட்ட தோழருக்கு இதுதான் என் பதில்.

அந்தப் படக்கதையில் எனக்கு ஒரு குறையும் உண்டு. சூப்பர்மேனுக்கு மறைத்துக்கொள்ள ஒரு வசதி இருந்தது, அவன் வெள்ளைக்காரன் மாதிரி இருந்தான். லீ குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. மூலத்தை வெளியே சொல்வதற்கு அவன் கொடுத்த விலை குறைவு, அவன் மேல் குண்டு பாயாது. நம்மில் ஒருவர் பீரோவிலிருந்து அம்பேத்கர் படத்தை எடுத்து முன்னறையில் மாட்டினால் அன்றைக்கு ராத்திரி வீடு போகலாம். அதனால் தனி ஆளைப் பார்த்து, 'மறைக்காதே, பற' என்று மேடையில் நின்று சொல்வது சுலபம். அவர் மாட்டுகிற அன்றைக்கு அவர் வாசலில் பத்துப் பேர் நிற்பதற்கு ஏற்பாடு செய்வதுதான் இயக்கத்தின் வேலை. கதையில் ஒருத்தன் பறந்து வந்து தீயை அணைத்தான். நிஜத்தில் வழக்கு போடவும் சாட்சி சொல்லவும் ஆள் வேண்டும். ராத்திரி காவல் இருக்க ஆள் வேண்டும்.

மாணவர்களுக்கு மூன்று வேலை சொல்கிறேன். உங்கள் கல்லூரியில் முகாமிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகள் இருந்தால் போய்ப் பேசுங்கள். பரிதாபப்படுவதற்காகப் போகாதீர்கள், அவர்கள் சொல்வதை எழுதிக்கொண்டு வாருங்கள். இரண்டாவது, 14உம் 21உம் மனப்பாடமாகத் தெரிந்திருக்கட்டும். 'குடிமகன்' எங்கே வருகிறது, 'நபர்' எங்கே வருகிறது என்று பிரித்துப் படியுங்கள். மூன்றாவது, இப்போது நம்ம பக்கத்துச் செங்கல் சூளையிலும் கம்பெனியிலும் ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 'வடக்கன்' என்று கேலி பேசுகிற வாய் நம்ம தெருவிலும் இருக்கிறது. கூலியைக் குறைக்கிற முதலாளியை விட்டுவிட்டு, குறைந்த கூலிக்கு வந்தவனைத் திட்டுகிற வாய் அது. வந்தவர்களில் தலித்துகளும் ஆதிவாசிகளும் இருக்கிறார்கள். ஊர் பேர் கேட்டு உள்ளே விடுகிற வழக்கம் நம்மைக் கொன்ற வழக்கம். அதை நாம் எடுத்து நடத்தக் கூடாது.

பக்கத்தில் வந்து குடியேறியவனிடம் ஊரில் எந்தப் பக்கம் என்று கேட்காமல், தண்ணி வருதா, கரண்டு வருதா என்று கேளுங்கள். நம்ம பாஷையில் அயலான் என்றால் அடுத்த வீட்டுக்காரன்.